பேர் வெட்டிய ஹார்டு டிஸ்க்

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்னைவிட நன்றாகத் தெரியும். அவ்வளவு தெரிந்தவர்கள் எதற்காக என்னிடம் வருகிறார்கள் என்பதுதான் பதினான்கு வருஷமாக எனக்குப் புரியவில்லை. இதே ஆட்கள் டாக்டரிடம் போனால் நாக்கை நீட்டு என்றால் நீட்டுகிறார்கள், மூச்சை இழு என்றால் இழுக்கிறார்கள். என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவர்களே டாக்டராகிவிடுகிறார்கள்.

கடை நல்லம்பள்ளியில், உரக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிறது. போர்டில் ‘கலை கம்ப்யூட்டர்ஸ்’ என்று போட்டிருக்கும். என் பெயர் கலைமதி. போர்டைப் பார்த்து வருகிறவர்கள் கலை என்கிற ஆம்பளையைத் தேடுவார்கள். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்து ஒரு மதர்போர்டைக் கழற்றிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகும், அண்ணன் எப்போது வருவார் என்று கேட்பார்கள். மதியத்துக்கு மேல் வருவார் என்று சொல்லி அனுப்பிவிட்டு, மதியத்துக்கு மேல் வந்தவர்களிடம் அந்த அண்ணன் நான்தான் என்று சொன்னதும் உண்டு. ஒருத்தர்கூடச் சிரித்ததில்லை.

இவர்கள் செய்கிற வேலைகளைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். லேப்டாப்பில் காபியைக் கொட்டிவிட்டு, யாரோ வீடியோவில் சொன்னான் என்று அரிசி மூட்டைக்குள் மூன்று நாள் புதைத்து வைத்தார் ஒருவர். சார்ஜர் போடுகிற ஓட்டைக்குள்ளிருந்து நான் இடுக்கியால் அரிசி பொறுக்கினேன். உள்ளே ஃபேன் சத்தம் போடுகிறது என்று தையல் மிஷின் எண்ணெயை ஊற்றினார் இன்னொருவர். அவர் டெய்லர் என்பதால் அது அவருக்குச் சரியாகப் பட்டிருக்கிறது. இவர்கள் யாரும் தாங்கள் செய்ததை முதலில் சொல்லமாட்டார்கள். திடீரென்று நின்றுபோய்விட்டது என்பார்கள். நாங்களும், உங்களால்தான் கெட்டது என்று சொல்லமாட்டோம். லைஃப் முடிந்துவிட்டது என்போம். எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்கிற பொய் அது. அதைச் சொன்னால் சண்டை வராது, அடுத்த முறையும் ஆள் வருவார். எனக்கு அந்தப் பொய் சொல்லிச் சொல்லி வாய் கசந்துபோயிருந்தது.

இப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் தலைவர் என்றால் அதியமான்கோட்டைப் பச்சியப்பன்தான். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூற்றெட்டிலேயே இந்த வட்டாரத்துக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் தானே என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அந்தக் கம்ப்யூட்டர் எட்டு வருஷம் உறை போட்ட நிலையிலேயே இருந்து, ஆயுத பூஜைக்கு மட்டும் பொட்டு வைத்துக்கொண்டு, கடைசியில் அப்படியே ஏலத்துக்குப் போனதாக அந்தச் சங்கத்தில் வேலை பார்த்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவருக்கு ஒரே மகன், அன்பு. பெங்களூரில் சாஃப்ட்வேர். வேலை எதுவானாலும் பச்சியப்பன் பாதியில் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவார். அந்த மகனும் தன் வாழ்க்கையில் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றியிராத குரலில் எனக்கு யோசனை சொல்வான்.

மே மாதம் மூன்றாவது வாரம், திங்கட்கிழமை. பச்சியப்பன் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவருடைய மருமகள் சோபனா எனக்குப் போன் செய்தாள். சோபனாவை எனக்குத் தெரியும். வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் போட்டிருக்கிறாள். கல்யாண ஜாக்கெட்டுக்கு மயில், தாமரை, ஜோடி யானை; பள்ளிக்கூடச் சீருடைக்குப் பாக்கெட் முத்திரை. மிஷின் தைத்துவிடும். ஆனால் எங்கே எந்தத் தையல் விழவேண்டும், எந்தப் பக்கம் நூல் திரும்பவேண்டும் என்பதை ஒவ்வொரு புள்ளியாகக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கவேண்டும். ஒரு மயிலுக்கு மூன்று நாள் ஆகும் என்று ஒரு தடவை சொன்னாள். அப்படி ஆறு வருஷமாக அவள் வரைந்தது எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. அதை வைத்துத்தான் அவள் பிழைப்பு நடக்கிறது. பெங்களூரிலிருந்து என்ன வருகிறது, வராமல் போகிறது என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கம்ப்யூட்டர் முந்தாநாள் கரண்ட் போய் வந்ததிலிருந்து உயிரே இல்லாமல் கிடப்பதாகச் சொன்னாள். கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் தொள்ளாயிரம் முத்திரை கேட்டிருந்தது, ஜூன் திறப்புக்குள் கொடுக்கவேண்டும். முத்திரையை வரைந்து முடித்துவிட்டாள், தைக்கத்தான் பாக்கி. தானே எடுத்து வருவதாகச் சொன்னதற்கு மாமனார் விடவில்லையாம். பெண்கள் கொண்டுபோனால் கடையில் ஏமாற்றிவிடுவார்கள் என்றாராம்.

"அக்கா, கம்ப்யூட்டரு போனா போவுதுங்க்கா. உள்ள இருக்கறது மட்டும் போயிரக் கூடாது. அது போச்சுன்னா நான் மறுபடியும் முதல்ல இருந்துதான்" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கரண்ட் போய் வந்து நின்றுபோன கம்ப்யூட்டர் என்றால் பத்தில் ஒன்பது முறை பவர் சப்ளைதான். பதினைந்து நிமிஷ வேலை.

பச்சியப்பன் மொபெட்டில் வந்தார். கம்ப்யூட்டரை ஒரு பழைய வேட்டியில் சுற்றிக் கால்களுக்கு நடுவில் வைத்திருந்தார். கடையில் பிரிண்டருக்காக ஒருவரும், பையனின் லேப்டாப்புக்காக ஒரு அம்மாவும் காத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி நேராக வந்து மேசையில் வைத்து, ராம், அதாவது மெமரிப் பலகைதான் கோளாறு என்று தீர்ப்பு சொன்னார். ஏற்கெனவே ரப்பர் வைத்துத் தேய்த்துவிட்டதாகவும், நான் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் போதும் என்றும் சொன்னார். ரப்பர் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற அழிப்பான். இந்த ஜில்லாவில் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம் அதுதான்.

பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே பார்த்ததும் என் கை நின்றுவிட்டது.

பவர் சப்ளைப் பெட்டியின் மேல் ‘அ. பச்சியப்பன், அதியமான்கோட்டை’ என்று வெட்டியிருந்தது. டிவிடி டிரைவின் மேலும் அதே. எவர்சில்வர் குடத்திலும் சம்படத்திலும் பேர் வெட்டுவார்களே, அதே குத்துக் குத்தான எழுத்து. ஹார்டு டிஸ்க்கை வெளியே இழுத்தேன். அதில் இடம் அதிகம் என்பதால் பெயர், ஊர், ‘செயலாளர் ஓய்வு’, தேதி எல்லாம் இருந்தன. கடைசியில், சீர்ப் பாத்திரத்தில் வெட்டுகிறவர் கை பழக்கத்தில் போடுகிற பூ ஒன்று, ஐந்து இதழோடு. பாத்திரக்கடை மிஷினில் வெட்டியிருக்கிறார்கள். ராம் சின்னப் பலகை என்பதால் வெட்டமுடியாதென்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். அதற்கு மட்டும் சிவப்பு நகப்பூச்சு.

என்ன சார் இது என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னார். காலையில் தர்மபுரி போய், தானே எல்லாவற்றையும் கழற்றி, பாத்திரக்கடையில் நின்று வெட்டி வாங்கி, மறுபடி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கடைக்காரர் தயங்கியிருக்கிறார். இவர் சத்தம் போட்டு வெட்டவைத்திருக்கிறார்.

"நீங்கல்லாம் நல்ல பார்ட்டக் கழட்டிக்கினு பழசப் போட்டு அனுப்பிருவீங்க. இப்பப் பேரு இருக்குது, மாத்துனா தெரிஞ்சிரும். எம்மவனும் அதான் சொன்னான், அடையாளம் வெச்சுக் குடுங்கன்னு" என்றார்.

என் முகத்துக்கு நேராக, காத்திருந்த இரண்டு பேரும் கேட்கும்படி, என்னைத் திருடி என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்து என் கைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அந்த அம்மா பையனின் லேப்டாப்பைத் தன் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய பவர் சப்ளையைத் திருடி நான் எந்தக் கோட்டையைக் கட்டப்போகிறேன்?

பவர் சப்ளையை டெஸ்டரில் மாட்டினேன். ஒரு விளக்கும் எரியவில்லை. செத்துப்போயிருந்தது. சொன்னேன். இருக்க முடியாது என்றார். மகன் பெங்களூரில் வாங்கியதாம், அதெல்லாம் போகாதாம். நான் டெஸ்டரைக் காட்டினேன். டெஸ்டர் கோளாறாக இருக்கும் என்றார். வேறொரு பவர் சப்ளையை டெஸ்டரில் மாட்டிக் காட்டினேன், எல்லா விளக்கும் எரிந்தது. அது டெஸ்டரோடு சேர்த்து வாங்கியதாக இருக்கும் என்றார். கடையிலிருந்த ஒரு பவர் சப்ளையை எடுத்து மாட்ட ஆரம்பித்தேன். அவர் பழைய பெட்டியைக் கையில் எடுத்துத் தன் பேரை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

ஹார்டு டிஸ்க்கைத் திரும்ப மாட்டப் போகும்போதுதான் அந்தப் பூவைச் சரியாகப் பார்த்தேன். ஹார்டு டிஸ்க்கின் மூடியில் சின்னதாக ஒரு வெள்ளிக் காகிதம் ஒட்டியிருக்கும். பார்த்தால் சும்மா ஸ்டிக்கர் மாதிரி இருக்கும், ஆனால் அதன் கீழே ஓட்டை. உள்ளே தூசி போகாமல் இருக்கத்தான் அந்தக் காகிதம். பூவின் ஓர் இதழ் அந்தக் காகிதத்தின் மேல் விழுந்திருந்தது. ஊசி இரண்டு இடத்தில் அதைப் பொத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன். ஓட்டையைச் சுற்றிலும் பளபளவென்று உலோகத் துகள் அப்பியிருந்தது. வெளியே இவ்வளவு இருந்தால் உள்ளேயும் இருக்கும்.

ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடி போன்ற தட்டு ஒன்று நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்று சுற்றும். அதைப் படிக்கிற முனைக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு தலைமுடியைக்கூட நுழைக்கமுடியாது. அங்கே ஒரு துகள் சிக்கினால் தட்டை உழுதுவிடும். சும்மா இருக்கிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. சுற்றினால்தான் நாசம். இந்தத் தொழிலில் முதல் மாதமே சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது: திறந்துபோன டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்காதே. எனக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் டிஸ்க்கின் கேபிளை மாட்டாமல் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டேன். திரை வந்தது. பவர் சப்ளைதான் கோளாறு என்பது உறுதியாகிவிட்டது. டிஸ்க் இல்லை என்று திரையில் எழுத்து வந்து நின்றது.

பச்சியப்பன் எட்டிப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த கேபிளைப் பிடித்து ஆட்டினார்.

"ஏம்மா, ஹார்டு டிஸ்க்கு கேபிளே மாட்டல. மாட்டாம ஆன் பண்ணுனா எப்பிடி வரும்? இதுகூடத் தெரியாமதான் கடை வெச்சிருக்கியா?" என்றார். பிரிண்டர்காரர் சிரித்தார்.

டிஸ்க் கெட்டிருக்கிறது சார் என்றேன். எப்படிக் கெடும், அது கோளாறு இல்லையே, கோளாறு ராம்தானே என்றார். இப்போதுதான் பவர் சப்ளை என்றாய், அதற்குள் ஹார்டு டிஸ்க் என்கிறாய், இப்படி ஒவ்வொன்றாக மாற்றத்தான் பார்க்கிறாய் என்றார். போனை எடுத்து அன்புவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அவன் என்னிடம் பேசாமல் அப்பாவிடமே, கேபிளை மாட்டி ஒருமுறை ஆன் பண்ணச் சொல்லுங்கப்பா என்றான். மாட்டு, மாட்டும்மா என்று இவர் மேசையைத் தட்டினார்.

ஓட்டை விழுந்திருக்கிறது, மாட்டினால் உள்ளே இருப்பது போய்விடும் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு மூச்சு இருந்தது, நேரமும் இருந்தது. சோபனா காலையில் போனில் சொன்னது ஒன்றும் நான் மறந்துவிடவில்லை. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது வேறு. இந்த ஆளுக்கு நான் விளக்கம் சொல்லக்கூடாது. சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். அவருடைய காதே அவருக்குச் சொல்லட்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

"சரிங்க சார். மாட்டறேன். நீங்களே கேட்டுக்குங்க" என்று சொல்லிக் கேபிளை மாட்டி, பட்டனை அழுத்தினேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு டிஸ்க் சுற்ற ஆரம்பித்து, கரகரவென்று தகரத்தில் ஆணியால் கீறுகிற சத்தம் வந்தது. நடுவில் டொக், டொக் என்று எதுவோ இடித்தது. பிரிண்டர்காரர் சிரிப்பை நிறுத்தினார். உடனே அணைத்திருந்தால்கூட ஏதாவது மிஞ்சியிருக்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு பச்சியப்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்கிற ஒன்று முதன்முதலாக வருகிற வரைக்கும் ஓடவிட்டேன். அரை நிமிஷம் இருக்கும். அது வந்த பிறகுதான் ஒயரைப் பிடுங்கினேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

என்னம்மா சத்தம் அது என்று மெதுவாகக் கேட்டார். வீட்டில் சொல்லுங்கள், மருமகள் வரட்டும், அவளிடம்தான் சொல்வேன் என்றேன்.

சோபனா டவுன் பஸ் பிடித்து அரை மணி நேரத்தில் வந்தாள். சுடிதாரில் அங்கங்கே நூல் ஒட்டியிருந்தது. அவள் உட்காரும் முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். பதினான்கு வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் அன்றைக்கு வந்தது. லைஃப் முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. டிஸ்க்கை விளக்கடியில் வைத்து, பேரைக் காட்டி, பூவைக் காட்டி, ஊசி இறங்கிய இரண்டு ஓட்டையைக் காட்டினேன். உங்கள் மாமனார் இதைக் குடமென்று நினைத்துவிட்டார் என்றேன். கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பச்சியப்பன் இன்னும் விடவில்லை. ஒன்றும் பயப்படாதே, எல்லாவற்றுக்கும் டி டிரைவில் காப்பி போட்டு வைத்திருக்கிறேன் என்று மருமகளிடம் சொன்னார். தனியாக ஒரு டிஸ்க் வாங்கவேண்டும் என்று சோபனா இரண்டு வருஷம் முன்னால் கேட்டபோது, அதெல்லாம் வீண் செலவு என்று சொல்லி அவரே உட்கார்ந்து செய்த ஏற்பாடாம் அது. சி டிரைவும் டி டிரைவும் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கின்றன என்று நான் சொன்னேன். ஒரே பீரோவில் மேல் தட்டிலும் கீழ் தட்டிலும் நகையை வைத்துவிட்டு, பீரோ திருட்டுப் போனால் கீழ் தட்டு இருக்கிறது என்பீர்களா என்று கேட்டேன். அவர் மடியில் இருந்த பவர் சப்ளையைக் கீழே வைத்தார்.

சோபனா அவரைத் திட்டவில்லை. எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதற்கு எங்கேயும் வழியே இல்லையா என்று கேட்டாள். பெங்களூரில் இதற்கென்று லேப் இருக்கிறது, தூசி இல்லாத அறையில் பிரித்து எடுப்பார்கள், கிடைத்தால் கிடைக்கும் என்றேன். விலாசம் கேட்டு எழுதிக்கொண்டாள். டிஸ்க்கை ஒரு வெள்ளி நிறப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தேன். அதை ஜாக்கெட் துணி சுற்றுகிற மாதிரி துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டாள். மறுநாள் விடிகாலை பஸ்ஸில் அவளே கொண்டுபோனாள். அன்பு அலுவலகத்தில் லீவு கிடைக்கவில்லை என்றானாம். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று போடலாமே என்றும் சொன்னானாம்.

நான் அன்று மதியமே அந்த டிஸ்க்கின் படத்தை எங்கள் டெக்னீஷியன்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி மூன்று ஜில்லா ஆட்களும் அதில் இருக்கிறார்கள். மொய் வைத்த டிஸ்க்கா என்று கேட்டான் ஒருவன். காதுகுத்துக்கு யாராவது இப்படி ஒன்று கொடுத்தால் எனக்கும் சொல்லுங்கள் என்றான் இன்னொருவன். ஒரு வாரம் சிரித்தோம். இந்தத் தொழிலில் எங்களுக்குக் கிடைக்கிற ஒரே போனஸ் இப்படிச் சிரிப்பதுதான். சேலத்து மாரியப்பன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. இருபத்தைந்து வருஷ அனுபவம் அவருக்கு. கரண்ட் குடுத்துறலியே என்று ஒரு வரி போட்டிருந்தார். நான் படித்தேன். அதற்குப் பிறகு இன்னும் பத்துச் சிரிப்புப் படம் வந்து அந்த வரி மேலே போய்விட்டது. நான் பதில் போடவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்துச் சோபனா வந்தாள். கூடவே பச்சியப்பனும் வந்தார். ஸ்டூலை இழுக்கவில்லை, வாசல் பக்கம் நின்றுகொண்டார். பள்ளிக்கூட ஆர்டர் சேலத்து ஆட்களுக்குப் போய்விட்டதாகச் சோபனா சொன்னாள். மிஷின் சும்மாதான் நிற்கிறதாம். லேப்பிலிருந்து ரிப்போர்ட் போனுக்கு வந்திருக்கிறது. கிடைக்காது என்று அவர்கள் போனிலேயே சொல்லிவிட்டார்கள், ஆனால் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவேண்டும், படித்துச் சொல்லுங்கள் என்று போனை நீட்டினாள்.

இரண்டு படம் இருந்தது. ஒன்றில் வெள்ளிக் காகிதத்தின் ஓட்டை. இன்னொன்றில் தட்டு. கண்ணாடி மாதிரி இருக்கவேண்டிய தட்டில் வட்டம் வட்டமாகக் கோடு, ஏர் ஓட்டின மாதிரி. கீழே ஆங்கிலத்தில் நான்கு வரி. முதல் இரண்டு வரியைத் தைரியமாகப் படித்துச் சொன்னேன். உலோகத் துகள் உள்ளே போயிருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான். அடுத்த வரியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். படிக்காமல் தாண்டியிருக்கலாம். ஆனால் சோபனா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கொஞ்சம் ஆங்கிலம் படிப்பாள். துகள் உள்ளே போன பிறகு டிஸ்க்கை ஓடவிட்டிருக்கிறார்கள், அதில்தான் தட்டு முழுக்கக் கீறியிருக்கிறது, ஓடவிடாமல் வந்திருந்தால் பெரும்பகுதியை எடுத்திருக்கமுடியும் என்று எழுதியிருந்தது. படித்தேன்.

சோபனா போனை வாங்கி அந்த வரியை மறுபடி பார்த்தாள். ஆறு வருஷமாக ஒவ்வொரு புள்ளியாக வைத்துப் பழகினவள். அவளுக்குக் கணக்கு தப்பாது.

"வூட்டுல கரண்டே ஏறலயேக்கா. தர்மபுரில பேரு வெட்டுனதுக்கு அப்பறம் நேரா இங்கதான வந்துச்சு. அப்ப எங்க ஓடுச்சு? யாரு ஓட உட்டது?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வதற்குத் திறந்தேன் என்று இப்போது கேட்டாலும் எனக்குத் தெரியாது. அதற்குள் வாசலிலிருந்து பச்சியப்பன் பேசிவிட்டார். எந்தக் கேள்வியானாலும் முதல் ஆளாகப் பதில் சொல்கிற மனிதர்.

"நாந்தாம்மா. நாந்தான் மாட்டு மாட்டுன்னு நின்னன். இந்தப் பொண்ணு வேணாங்க, வேணாங்கன்னு தலபாடா அடிச்சிக்கிச்சு. நாந்தான் கேக்கல."

நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வாழ்நாள் முழுக்க எதிரில் உட்கார்ந்தவர்கள் வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார்கள், இவர் ஒன்றையும் கேட்டிருக்கமாட்டார். இந்தப் பன்னிரண்டு நாளில் நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்ததில், என் வாயிலும் அந்த வார்த்தையை அவரே வைத்துக்கொண்டுவிட்டார். டெஸ்டர், ராம், டி டிரைவ் என்று அவர் தப்பாகச் சொன்ன ஒவ்வொன்றையும் நான் அன்று விடாமல் திருத்தினேன். நாலு பேர் முன்னால் திருத்தினேன்.

சோபனா என் பக்கம் திரும்பினாள்.

"அப்பிடிங்களாக்கா?"

"ஆமா" என்றேன்.

அவள் மாமனாரைப் பார்த்து, இனிமேல் மிஷின் இருக்கிற அறைக்குள் நீங்கள் வரவேண்டாம் மாமா என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வேறு நாளாக இருந்தால் அதற்கு அவரிடம் பத்துப் பதில் இருந்திருக்கும். அன்றைக்குச் சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு, மொபெட்டை எடுக்கப் படியிறங்கினார். அதற்கு முன்னால் அவர் அந்தப் படியில் அப்படித் தடவித் தடவி இறங்கி நான் பார்த்ததில்லை.

சோபனா போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள். அவள் முகத்தில் என்மேல் துளிக் கோபம் இல்லை.

"நீங்க சொல்லித்தான் பாத்திருக்கீங்க. உங்க மேல என்னங்க்கா தப்பு" என்றாள்.

நான் அதற்கும் தலையாட்டினேன்.